அண்ணன் வித்த நிலத்துல என் பேரு: போலீஸ் ஸ்டேஷனா, சிவில் கோர்ட்டா?

கேள்வி: வணக்கம் வக்கீல் அண்ணாச்சி. எனக்கு சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், கல்யாணம் ஆகி 15 வருஷமா திருப்பூர்ல இருக்கேன், பனியன் கம்பெனில வேலை. அப்பா 1991-ல அவங்க சம்பாத்தியத்துல வாங்கின ஒன்றரை ஏக்கர் புஞ்சை ஊர்ல இருக்கு. 2017-ல அப்பா தவறிட்டாங்க, உயில் எதுவும் எழுதல. அம்மா, அண்ணன், நான் மூணு பேர்தான். 2024 தீபாவளிக்கு ஊருக்குப் போனா நிலத்தைச் சுத்தி கல்லு ஊனி கம்பி வேலி போட்டிருக்கு. வில்லங்கம் போட்டுப் பாத்தோம். 2022 ஜூன்ல அம்மாவும் நானும் அண்ணனுக்கு பவர் எழுதிக் குடுத்திருக்கோமாம், 2023 ஜனவரில அண்ணன் அதை வெச்சு முழு நிலத்தையும் ஒரு யாவாரிக்கு கிரையம் பண்ணிட்டாராம். நான் எதுலயும் கையெழுத்து போடல. அம்மாகிட்ட கேட்டா லோன் வாங்கணும்னு கூட்டிட்டுப் போனான், போட்டேன்னு சொல்றாங்க. 2025 ஜனவரில ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன், சிஎஸ்ஆர்னு ஒரு ரசீது மட்டும் குடுத்துட்டு இது சிவில் மேட்டர்னு ஏழு மாசமா அலைய விடுறாங்க. ஒரு வக்கீல் "420-ல கேஸ் போட்டா உங்க அண்ணன் தானா வழிக்கு வருவான்"ங்கறார், ஜெயிச்சா நிலத்துல 15 பர்சன்ட் கேக்கறார். இன்னொருத்தர் சிம்பிளா இன்ஜங்ஷன் (தடை உத்தரவு) போட்டா போதும்ங்கறார். சிவிலும் கிரிமினலும் ஒரே ஆபீஸ்ல பாக்கற இடமும் ஒண்ணு சொல்றாங்க. எங்க போறது? கம்ப்ளெயின்ட் காப்பி கூட வெச்சிருக்கேன்.

பதில்: தங்கச்சி, உங்க லெட்டரையும் அந்த கம்ப்ளெயின்ட் காப்பியையும் ரெண்டு தடவ படிச்சேன். லெட்டர் தெளிவா இருக்கு. கம்ப்ளெயின்ட்தான் எனக்கு கவலையா இருக்கு, அதுக்கு அப்புறமா வரேன், முதல்ல நீங்க கேட்டதுக்கு நேரா பதில் சொல்லிடறேன்.

ரெண்டும் வேணும். ஆனா முதல்ல சிவில். ஏன்னா ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போட்டு, உங்க அண்ணனைக் கைது பண்ணி, கேஸ் நடந்து தண்டனையே வந்தாலும், அந்த கிரையப் பத்திரம் உங்க பங்கைப் பொறுத்தவரைக்கும் செல்லாதுன்னு சொல்லி 50 சென்டை அளந்து உங்க கையில குடுக்கற வேலை சிவில் கோர்ட்டோடது, மாஜிஸ்ட்ரேட் அதைச் செய்ய மாட்டார். இது தெரியாம மூணு வருஷம் நாலு வருஷம் ஸ்டேஷன், எஸ்பி ஆபீஸ், கலெக்டர் மனுநாள்னு அலைஞ்சிட்டு கடைசில என் ஆபீஸுக்கு வந்து உக்காந்தவங்க எத்தனையோ பேர், அதுல பாதிப் பேருக்கு அதுக்குள்ள கெடு முடிஞ்சிருக்கும்.

கெடுன்னு சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. பத்திரத்தை ரத்து பண்ணக் கேக்கறதுக்கும் சரி, அது என்னைக் கட்டுப்படுத்தாதுன்னு டிக்ளரேஷன் கேக்கறதுக்கும் சரி, லிமிடேஷன் சட்டத்துல மூணு வருஷம்தான். உங்க கணக்குப்படி 2024 தீபாவளிக்குத்தான் உங்களுக்குத் தெரிய வந்துச்சு, அதுல இருந்து எண்ணினா 2027 வரைக்கும் டைம் இருக்கு. ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா, "ரெஜிஸ்டர் ஆன பத்திரம், ஊரே பாக்க வேலி போட்டாச்சு, கூடப்பிறந்த அண்ணன், இவங்களுக்கு அப்பவே தெரியும்"னு 2023 ஜனவரில இருந்தே கணக்கை ஆரம்பிப்பார். அந்தக் கணக்குப்படி 2026 ஜனவரியோட முடியுது. பாகம் கேக்கற உரிமைக்கு இதைவிட நீண்ட காலம் உண்டுன்னு நாங்க பதிலுக்கு வாதாடலாம்தான், வாதாடி ஜெயிக்கவும் செய்யலாம், ஆனா இல்லாத சண்டையை எதுக்கு நாமளே உண்டாக்கணும்? 2025 முடியறதுக்குள்ள கேஸ் நம்பர் ஆகிடணும்.

உங்க பங்கு எவ்வளவுன்னு பாப்போம். அப்பா சுயமா வாங்கின சொத்து, உயில் இல்லாம இறந்துட்டாங்க, அப்போ இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-வது பிரிவுப்படி அம்மா, அண்ணன், நீங்க மூணு பேருக்கும் சமமா ஆளுக்கு 50 சென்ட். 1989 சட்டம், 2005 சட்டம், பொண்ணுக்கு எந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆச்சுன்னு யாராவது உங்களைக் குழப்பினா காதுல வாங்காதீங்க, அது பூர்வீகச் சொத்துக்குண்டான பேச்சு. ஆனா நீங்க சொல்லாம விட்ட ஒரு விஷயம் இருக்கு, 2017-ல அப்பா இறந்தப்ப அப்பாவைப் பெத்த ஆச்சி உயிரோட இருந்தாங்களா? இருந்திருந்தா அவங்களும் முதல் வகுப்பு வாரிசு. அப்போ பங்கு மூணு இல்ல நாலு, ஆளுக்கு 37 அரை சென்ட், ஆச்சி அப்புறம் இறந்திருந்தா அவங்க பங்குக்கு உங்க சித்தப்பா, அத்தைமார் எல்லாரும் கேஸ்ல பார்ட்டி ஆகணும். தாசில்தார் குடுத்த வாரிசு சான்றிதழ்ல ஆச்சி பேர் இருக்கான்னு எடுத்துப் பாருங்க. ஒரு வாரிசை விட்டுட்டுப் போட்ட பாகக் கேஸ்ல அந்த ஓட்டையையே எதிர்த்தரப்பு பெருசாக்கும்.

இப்ப மெயின் விஷயத்துக்கு வரேன். நீங்க வில்லங்கம் மட்டும்தான் பாத்திருக்கீங்க. வில்லங்கத்துல யார் யாருக்கு எழுதிக் குடுத்தாங்கன்னு பேர்தான் வரும். பவர் பத்திரத்தோட நகல் வாங்கிப் பாத்தீங்களா? லெட்டர்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, கம்ப்ளெயின்ட்லயும் இல்ல. அந்தப் பத்திரத்துல எழுதிக் குடுத்தவங்க ஒவ்வொருத்தர் போட்டோவும் இருக்கும், கைரேகையும் இருக்கும், ரெஜிஸ்ட்ரேஷன் சட்டத்துல 32-ஏ-ன்னு ஒரு பிரிவு 2001-ல இதுக்காகவே கொண்டு வந்தாங்க. போக, சப் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கைரேகைப் பதிவேடுன்னு தனியா வேற ஒண்ணு இருக்கு. அதுல உங்க பேருக்கு நேரா யாரோ ஒருத்தி விரலை வெச்சிருக்கா. கையெழுத்தைப் பத்தி எக்ஸ்பர்ட்டுங்க "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்"னு எழுதிருவாங்க, கைரேகைல அந்த மழுப்பல் கிடையாது. உங்க ரேகை வேற, அந்த ரேகை வேறன்னு ரிப்போர்ட் வந்துட்டா உங்க பக்கத்துக்கு பாதி பாரம் இறங்கிடும். அந்தத் தேதில கம்பெனில டூட்டில இருந்ததுக்கு பஞ்சிங் ரெக்கார்டு இருந்தா இப்பவே ஹெச்ஆர்ல எழுதி வாங்கிருங்க, கம்பெனிக்காரன் பழைய டேட்டாவை எவ்வளவு நாள் வெச்சிருப்பான்னு சொல்ல முடியாது.

ஏன் இதை இவ்வளவு இழுக்கறேன்னா இந்தக் கதைல மூணு பேர் கையெழுத்து இருக்கு, சட்டத்துல மூணும் மூணு ரகம்.

அண்ணன் கையெழுத்து உண்மை. அவர் பங்கை அவர் வித்தது செல்லும், அதுல நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அவர் பவர் எதுவும் இல்லாம "முழு நிலமும் எனக்கே சொந்தம்"னு பொய் சொல்லி வித்திருந்தா அது போலி ஆவணம் ஆகாது, ஃபோர்ஜரி நிக்காதுன்னு 2009-ல முகமது இப்ராகிம் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, தன் பேர்ல தானே கையெழுத்து போட்டவன் பொய் சொன்னானே தவிர போலிப் பத்திரம் தயாரிக்கலைங்கறது அதுக்கு காரணம். ஏமாந்தது காசு குடுத்து வாங்கினவன், 420 கம்ப்ளெயின்ட் குடுக்க வேண்டியவனும் அவன்தான்னு அதே தீர்ப்பு சொல்லுது. நிலத்தகராறுன்னாலே 420-ன்னு எழுதிக் குடுக்கறவங்களுக்கு இந்தத் தீர்ப்பு தெரியாது, இல்ல தெரிஞ்சும் எழுதறாங்க.

உங்க கையெழுத்து, நீங்க சொல்றது உண்மைன்னா, ஆள்மாறாட்டம். இது அசல் கிரிமினல். ரெஜிஸ்ட்ரேஷன் சட்டத்துலயே 82-வது பிரிவுல இதுக்கு ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, பழைய ஐபிசில போலிப் பத்திரம் தயாரிக்கறதுக்குண்டான 467-ஐ எடுத்தா ஆயுள் வரைக்கும் போகும். ஆனா இதுலயும் ஒரு பள்ளம் இருக்கு. தமிழ்நாட்டுல இருந்தே போன ஷீலா செபாஸ்டியன் கேஸ், 2018, இதே மாதிரி நிலச் சொந்தக்காரம்மா பேர்ல வேற ஒருத்தி வந்து பவர் எழுதிக் குடுத்துட்டா, பவர் வாங்கினவர் மேல ஃபோர்ஜரி கேஸ், கடைசில சுப்ரீம் கோர்ட் விடுதலையை உறுதி பண்ணிருச்சு. போலிப் பத்திரத்தைத் தயாரிச்சது யாருன்னு நிரூபிக்கணும், அதனால லாபம் அடைஞ்சவன் இவன்ங்கறது மட்டும் பத்தாதுன்னுட்டாங்க. அதனால நீங்க "அண்ணன் போலிக் கையெழுத்து போட்டுட்டான்"னு மட்டும் சொல்லிட்டு நிக்கக் கூடாது, அந்தப் போட்டோல இருக்கற பொம்பளை யாரு, அடையாளம் காட்டி சாட்சிக் கையெழுத்து போட்ட ரெண்டு பேர் யாரு, அதைத் தேடச் சொல்லி போலீஸை நெருக்கணும்.

அம்மா கையெழுத்துதான் சிக்கலே. அம்மா போனது உண்மை, போட்டது உண்மை. லோன்னு சொல்லி பவர்ல வாங்கினா அது மோசடிதான், என்ன பத்திரம்னே தெரியாம ஏமாத்தி வாங்கினா அது ஆரம்பத்துல இருந்தே செல்லாதுன்னு 1968-லயே தீர்ப்பு இருக்கு, ஆனா அதைச் சொல்ல வேண்டியது அம்மா. நீங்க சொல்ல முடியாது. அம்மா இப்ப யார் கூட இருக்காங்க? அண்ணன் கூடன்னா, நாளைக்கு கூண்டுல ஏறி "எம்மவளும் அன்னிக்கு கூட வந்தா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க? இதைக் கேக்க உங்களுக்கு கஷ்டமா இருக்கும், இருபத்திச் சொச்சம் வருஷமா பாக்கறேன், சொத்துக் கேஸ்ல பெத்த தாய் மகன் பக்கம் சாயறது இந்தப் பக்கம் ரொம்ப சகஜம், வயசான காலத்துல சோறு போடறவன் அவன்ங்கற பயம்தான், வேற ஒண்ணும் இல்ல.

இப்ப உங்க கம்ப்ளெயின்ட்டுக்கு வரேன். யாரோ டைப் அடிக்கற இடத்துல சொல்லி வாங்கிருக்கீங்க போல. அதுல "எனது கையொப்பத்தையும் எனது தாயாரின் கையொப்பத்தையும் போலியாக இட்டு"ன்னு இருக்கு. எனக்கு எழுதின லெட்டர்ல அம்மா போட்டேன்னு சொன்னதா எழுதிருக்கீங்க. நாளைக்கு சிவில் கேஸ்ல நீங்க சாட்சி சொல்ல ஏறினதும் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வேலையா இந்தக் கம்ப்ளெயின்ட்டைத்தான் கையில எடுப்பார். "அம்மா கையெழுத்து போலின்னு போலீஸ்ல சொன்னீங்களா? இப்ப உண்மைன்னு சொல்றீங்களா? எது பொய்?" அவ்வளவுதான், அதுக்கப்புறம் நீங்க உங்க கையெழுத்தைப் பத்தி என்ன சொன்னாலும் ஜட்ஜ் ஒரு சந்தேகத்தோடதான் கேப்பார். ரொம்ப வருஷம் முன்னாடி எங்க கட்சிக்காரர் ஒருத்தர் இப்படித்தான், ஸ்டேஷன்ல குடுத்த மனுல நிலம் என் அனுபவத்துல இல்லன்னும் பிளெயின்ட்ல, அதாவது சிவில் கோர்ட்டுல போடற வழக்கு மனுல, என் அனுபவத்துல இருக்குன்னும் இருந்துச்சு, ரெண்டையும் எழுதினது வேற வேற வக்கீல், ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது. குறுக்கு விசாரணைல மனுஷன் வேர்த்து வழிஞ்சார். நல்ல கேஸ் அது, தோத்துட்டோம், எனக்கு இன்னும் ஆறல.

சிவிலும் கிரிமினலும் ஒரே ஆபீஸ்ல குடுக்கலாமான்னு கேட்டீங்களே, என் பதில் இதுலயே இருக்கு. ஒரே கூரைங்கறது முக்கியம் இல்ல, ஒரே கதைங்கறதுதான் முக்கியம். பெரும்பாலும் மாவட்டத்துல இருக்கற ஆபீஸ்ல சீனியர் ஒருத்தர் சிவில் பாப்பார், இன்னொருத்தர் காலைல மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல ஜாமீன் மனு மூவ் பண்ணிட்டு நிப்பார், ரெண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா. அந்த ரெண்டு பேரும் ஒருத்தர் கேஸ் கட்டை ஒருத்தர் படிக்கிறாங்களான்னு பாருங்க. படிச்சா அங்கயே குடுங்க, இல்லன்னா தனித்தனி வக்கீலா வெச்சுட்டு ஒருத்தர் எழுதறதை இன்னொருத்தர்கிட்ட காட்டாம ஃபைல் பண்ண விடாதீங்க. விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கிற இடம்னா ஒதுங்கிருங்க, வக்கீல்கள் விளம்பரம் பண்றதே பார் கவுன்சில் விதிப்படி தப்பு.

15 பர்சன்ட் கேட்டாரே, அதுவும் விதிப்படி தப்புதான். கேஸ் முடிவைப் பொறுத்து பங்கு கேக்கறதை பார் கவுன்சில் தடை பண்ணிருக்கு. தெரியாம கேட்டிருக்க மாட்டார், அதனால அங்க போகாதீங்க. ஃபீஸை முதல்லயே பேசிருங்க, வாய்தாவுக்கு இவ்வளவா மொத்தமா இவ்வளவா, கோர்ட் ஃபீஸ் சேத்தா சேக்காமலா, எழுதி வாங்கினா இன்னும் நல்லது. கேஸ் நம்பர் ஆனதும் சிஎன்ஆர் நம்பர் 16 எழுத்துல ஒண்ணு வரும், அதை வெச்சு இகோர்ட்ஸ் ஆப்ல திருப்பூர்ல இருந்தே வாய்தா பாத்துக்கலாம், "கேஸ் நடந்துட்டு இருக்கு"ன்னு சொல்ற குமாஸ்தாவை நம்பி உக்காந்திருக்க வேண்டியதில்ல. பின்னால வக்கீலை மாத்தணும்னா ஃபீஸ் பாக்கின்னு சொல்லி கட்டைப் பிடிச்சு வெச்சுக்க அவருக்கு உரிமை இல்ல, 2000-லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. பணம் இல்லன்னா அதுக்கும் வழி இருக்கு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் ஃபீஸும் அதுல அடங்கும், மாவட்ட கோர்ட் வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், 15100-க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

சரி, சிம்பிளா இன்ஜங்ஷன் போதும்னவர் விஷயம். போதாது. உங்க உரிமை மேலயே ஒரு ரெஜிஸ்டர் பத்திரம் வந்து உக்காந்திருக்கறப்ப, நிலமும் அடுத்தவன் வேலிக்குள்ள இருக்கறப்ப, வெறும் இன்ஜங்ஷன் கேட்டா "முதல்ல உன் உரிமையை நிரூபி"ன்னு அனுப்பிருவாங்க, 2008-ல அனதுல சுதாகர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதை விலாவாரியா சொல்லிருக்கு. அதைவிட மோசம், இப்ப கேக்காம விட்ட பரிகாரத்தை அப்புறம் தனியா கேஸ் போட்டுக் கேக்க முடியாம போயிடும் சில நேரம். அதனால உங்க பிளெயின்ட்ல மூணும் வரணும்: 50 சென்டுக்கு பாகம், அந்த பவரும் கிரையமும் என் பங்கைக் கட்டுப்படுத்தாதுன்னு டிக்ளரேஷன், மேல யாருக்கும் விக்கவோ கட்டடம் கட்டவோ கூடாதுன்னு இன்ஜங்ஷன். நீங்க பத்திரத்துல கையெழுத்து போடாதவங்க, அதனால டிக்ளரேஷன். அம்மா போட்டவங்க, அவங்க கேக்கறதுன்னா ரத்து பண்ணச் சொல்லித்தான் கேக்கணும், இந்த வித்தியாசத்தை 2010-ல சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லிருக்கு, பிளெயின்ட் எழுதறவர் இதைக் கோட்டை விட்டா கோர்ட் ஃபீஸ்லயே இழுத்தடிப்பாங்க. கோர்ட் ஃபீஸ் முன்ன ஏழரை பர்சன்ட், 2017-ல 3 பர்சன்டா குறைச்சாச்சு. ஒரு பேச்சுக்கு சென்ட் 20,000-ன்னு வெச்சா உங்க 50 சென்ட் 10 லட்சம், ஃபீஸ் 30,000. நிலம் இன்னும் கூட்டு அனுபவத்துல இருந்திருந்தா சின்னத் தொகைதான் வந்திருக்கும், வேலி போட்டுட்டதால அதுல கொஞ்சம் தர்க்கம் வரும். கேஸ் நிலம் இருக்கற எல்லைல உள்ள கோர்ட்டுலதான் போடணும், திருப்பூர்ல போட முடியாது.

கேஸ் போட்ட பிறகு அந்த யாவாரி வேற யாருக்காவது வித்தாலும் வாங்கினவனையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும், சொத்து மாற்றுச் சட்டம் 52-வது பிரிவு. போடறதுக்கு முன்னாடி வித்துட்டா இன்னொருத்தனையும் சேத்து இழுக்கணும். அவசரம்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். தாசில்தாருக்கு ஒரு ஆட்சேபணை மனுவும் குடுத்து வைங்க, பட்டா மாறிட்டா உரிமை போயிடாதுதான், ஆனா பட்டா கையில இருந்தா பேங்க் லோன் அது இதுன்னு கிளம்பிருவாங்க.

கிரிமினல் பக்கம். சிஎஸ்ஆர்ங்கறது நீங்க மனு குடுத்ததுக்கு ரசீது, எஃப்ஐஆர் கிடையாது. சுப்ரீம் கோர்ட்டோட லலிதா குமாரி தீர்ப்பு 2013-ல வந்தாச்சு, பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம் மனுல தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும். குடும்பத் தகராறு, பண விவகாரம்னா ஒரு ஆரம்ப விசாரணை பண்ணிக்கலாம், அதுக்கும் 15 நாள், மிஞ்சினா ஆறு வாரம். ஏழு மாசம் எந்தக் கணக்குலயும் வராது. ஆனா போலீஸை மட்டும் குறை சொல்ல மாட்டேன், சிவில் தகராறுக்கு கிரிமினல் சாயம் பூசறாங்கன்னு சுப்ரீம் கோர்ட்டே எத்தனையோ தடவ கண்டிச்சிருக்கு, எஃப்ஐஆர் போட்டாலும் திட்டு போடாட்டியும் திட்டுங்கறது அவங்க நிலைமை. உங்க மனுல ஆள்மாறாட்டம்ங்கற வார்த்தையே இல்ல, "ஏமாத்திட்டான் ஏமாத்திட்டான்"னு நாலு பக்கம் இருக்கு. படிச்ச எஸ்ஐக்கு சொத்துச் சண்டையாத்தான் தெரிஞ்சிருக்கும். போதாததுக்கு பிஎன்எஸ் செக்‌ஷன் போட்டிருக்கீங்க. ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் 2024 ஜூலை 1-ல இருந்துதான், உங்க விஷயம் நடந்தது 2022, 2023, அதுக்கு பழைய ஐபிசிதான் பொருந்தும். விசாரணை நடைமுறை மட்டும் சிஆர்பிசிக்குப் பதிலா வந்த புது பிஎன்எஸ்எஸ் சட்டப்படி.

அதனால புது மனு ஒண்ணு, பவர் நகல் கைல வந்த பிறகு, ரெண்டே பக்கத்துல: இந்தத் தேதி, இந்த ஆவண எண், இதுல என் பேர்ல இருக்கற போட்டோ நான் இல்ல, கைரேகை என்னது இல்ல, அன்னிக்கு நான் இருந்த இடம் இது. அம்மாவைப் பத்தி நடந்ததை நடந்தபடி, முந்தின மனுல போலின்னு வந்தது விசாரிக்காம எழுதினதுன்னு நீங்களே சொல்லிருங்க, எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி. அதை எஸ்பிக்கு ரெஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, ஒப்புகை அட்டையைப் பத்திரமா வைங்க. மாவட்ட அளவுல நில அபகரிப்பு தடுப்புப் பிரிவுன்னு 2011-ல கொண்டு வந்தது ஒண்ணு இருக்கு, எஸ்பி பெரும்பாலும் அங்க தள்ளிவிடுவார், அது நல்லதுதான், பத்திரம் படிக்கத் தெரிஞ்ச ஆட்கள் அங்க இருப்பாங்க. அதுக்கும் நகரலன்னா எஃப்ஐஆர் போட உத்தரவு கேட்டு அஃபிடவிட்டோட மாஜிஸ்ட்ரேட்கிட்ட பிஎன்எஸ்எஸ் 175(3) மனு, பழைய சிஆர்பிசி 156(3) தான் அது. எடுத்த எடுப்புல ஹைகோர்ட் மதுரை பெஞ்சுக்கு ஓடாதீங்க, மாஜிஸ்ட்ரேட்கிட்ட போனியான்னு முதல் கேள்வியே அதுதான் வரும்.

ரெண்டு கேஸும் ஒரே நேரத்துல நடக்கலாம், ஒண்ணு இன்னொண்ணுக்காக நிக்கணும்னு கட்டாயம் இல்ல. கிரிமினல் கேஸோட உண்மையான உபயோகம் என்னன்னு கேட்டா, போலீஸ் அந்தக் கைரேகைப் பதிவேட்டைக் கைப்பற்றி லேபுக்கு அனுப்புவாங்க பாருங்க, அதுதான். அண்ணனை மிரட்டி வழிக்குக் கொண்டு வரலாம்னு 420 போடச் சொன்னவர் ஒண்ணு மறந்துட்டார், 420-ஐ கோர்ட் அனுமதியோட சமாதானம் பண்ணிக்கலாம், 467 அப்படி இல்ல, நீங்களும் அண்ணனும் ராசியானாலும் ஹைகோர்ட் போய் ரத்து பண்ணிட்டு வரணும். கோவத்துல போட்டுட்டு பொங்கலுக்கு வாபஸ் வாங்கிக்கலாம்ங்கற விஷயம் இல்ல இது. யோசிச்சுட்டு போடுங்க.

இன்னொண்ணு, மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல போலிப் பத்திரத்தை ரத்து பண்ணித் தரேன்னு சொல்ற புரோக்கர் யாராவது உங்ககிட்ட வருவாங்க. 2022-ல ரெஜிஸ்ட்ரேஷன் சட்டத்துல 77-ஏ-ன்னு ஒரு பிரிவு அப்படி வந்துச்சு, 2024-ல சென்னை ஹைகோர்ட் அது செல்லாதுன்னுருச்சு. பணம் குடுத்துறாதீங்க.

அப்புறம் அந்த யாவாரி. அவரை எதிரியாவே பாக்கறீங்க, லெட்டர்ல கோவம் தெரியுது. அவரும் 150 சென்டுக்கு காசு குடுத்துட்டு நிக்கறார், உங்க பங்கு உறுதியாச்சுன்னா அவருக்கு 50-ஓ 100-ஓ தான் மிஞ்சும். தன் காசு போச்சுன்னு தெரிஞ்சா உங்க அண்ணன் கழுத்தைப் பிடிக்கப் போறது அவர்தான். நோட்டீஸ் போன ஒரு மாசத்துல அவரே பேச்சுவார்த்தைக்கு வந்த கேஸ் எல்லாம் இருக்கு, ஒண்ணு உங்க 50 சென்டைப் பிரிச்சு விட்டுருவார், இல்ல இன்னிக்கு விலைக்கு காசு குடுப்பார். அப்படி முடிஞ்சா கட்டின கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், வெளியில தனியா பேசி முடிச்சாலும் உண்டுன்னு 2021-ல தீர்ப்பு வந்திருக்கு. ஆனா ஸ்டேஷன்ல உக்காந்து பேசாதீங்க, வெள்ளைப் பேப்பர்ல எழுதி கையெழுத்து கேட்டா போடாதீங்க, சமாதானம்னா கோர்ட்டுலயோ லோக் அதாலத்துலயோ பதிவாகணும். முடியாம போச்சுன்னா நாலஞ்சு வருஷம்னு மனசுல வெச்சுக்கோங்க, பாகக் கேஸ்ல முதல் டிக்ரி வந்து அப்புறம் கமிஷனர் வந்து அளந்து ரெண்டாவது டிக்ரி வரணும், மேல அப்பீல் வேற.

இதெல்லாம் நீங்க சொன்னது அப்படியே உண்மைங்கற நம்பிக்கைல எழுதிருக்கேன். இப்போதைக்கு வக்கீல் தேடி அலைய வேண்டாம், ஒரு நாள் லீவு போட்டுட்டு ஊருக்குப் போய் சப் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பவருக்கும் கிரையத்துக்கும் சான்றிட்ட நகல் மனு போடுங்க, ஆன்லைன்லயும் போடலாம், ஆனா நேர்ல போனா அம்மாவையும் பாத்துட்டு வந்தாப்ல இருக்கும். அம்மாகிட்ட கேஸைப் பத்திப் பேசாதீங்க, அன்னிக்கு ஆபீஸ்ல கூட யார் யார் இருந்தாங்கன்னு மட்டும் பேச்சுவாக்குல கேளுங்க. நகல் வந்ததும் உங்க பேருக்கு நேரா இருக்கற போட்டோவைப் பாத்துட்டு எனக்கு எழுதுங்க. ஒருவேளை அது உங்களுக்குத் தெரிஞ்ச முகமா இருந்தா, மதினியோ வேற யாரோ, வீட்டுல யார்கிட்டயும் வாயைத் திறக்காம முதல்ல எழுதுங்க.